மாமா தாத்தா கப்பலில் கொண்டுவராத நடனம்

பிள்ளைகளா, போன வாரம், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துப் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் ஜோடி ஜோடியாகத் துண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார்களே, நீங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துவிட்டு மாமா தாத்தாவிடம் போய், "இது எங்கிருந்து வந்த ஆட்டம் தாத்தா?" என்று கேட்டீர்கள். அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "நம்ம பாட்டன் பூட்டன் கப்பல்ல வந்தப்பவே கொண்டாந்ததுடா" என்றார். நீங்களும் நம்பிவிட்டு வந்து என்னிடம் ஒப்பித்தீர்கள்.

அது கப்பலில் வரவில்லை. விமானத்தில் வந்தது, பெரிய நீலப் பெட்டிகளோடு, போலந்து தேசத்திலிருந்து. கொண்டுவந்தவர் உங்கள் சின்ன அத்தையின் மாமியார். மாமா தாத்தா அதைத் தடுக்கப் பார்த்தவர். நீங்கள் அப்போது கைக்குழந்தைகள், நான் கூடவே இருந்தேன். படிப்பு எனக்கு மூன்றாம் படிவத்தோடு சரி, அதனால் எழுத்து அப்படி இப்படித்தான் இருக்கும். விஷயம் மட்டும் சுத்தம்.

சின்ன அத்தை கோலாலம்பூரில் வேலைக்குப் போன இடத்தில்தான் அந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். ஆள் வெளுப்பு, உயரம், சிரித்தால் காது சிவக்கும். முதல் தடவை அவரை நம் வீட்டுக்கு அழைத்துவந்தபோது, வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையைப் பார்த்து "சாரி" சொன்னார். மரத்துக்கே மன்னிப்புக் கேட்கிறவன் நம் பெண்ணை அடிக்க மாட்டான் என்று உங்கள் அம்மா அங்கேயே முடிவு செய்துவிட்டாள்.

சிக்கல் கல்யாணம் எங்கே என்பதில் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா தன் கிராமத்தில்தான் நடக்க வேண்டும் என்றார். ரொட்டிக் கடை வைத்திருக்கும் அம்மா. விடியும் முன்னே எழுந்து மாவு பிசைகிறவர், பிடிவாதத்துக்குக் குறைவா இருக்கும்? நம் அத்தையோ, அப்பா அம்மா இல்லாத தன்னை வளர்த்தது இந்தத் தேயிலைத் தோட்டம், தாலி இங்கேதான் ஏற வேண்டும் என்றாள். போனில் வாரக்கணக்காக இழுபறி. கடைசியில் அந்த அம்மா இறங்கி வந்தார், ஒரே ஒரு பேச்சோடு: "சரி, உங்க ஊர்லயே வெச்சுக்கலாம். ஆனா எங்க கல்யாணத்துல எல்லாரும் ஜோடியா நடக்கிற நடனம் ஒண்ணு இருக்கு. அது இல்லாம என் மகனுக்குக் கல்யாணம் ஆச்சுன்னு என் மனசு ஒத்துக்காது. உங்க ஜனங்களும் சேர்ந்து நடக்கணும்."

சின்ன அத்தை, "எங்க லயமே நடக்கும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தரையும் கேட்காமலே.

அவள் என்னிடம் வந்து சொன்னபோது நான் பேக்டரியிலிருந்து வந்து தலைமுடியிலிருந்து தேயிலைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, நீதான் முன்னால நடக்கணும்."

"நடக்கிறேன். அதுக்கென்ன."

"எங்க மாமியார் கையைப் பிடிச்சுக்கிட்டு."

நான் தட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"அது அவங்க வழக்கம்ணே. பொண்ணு வீட்டுப் பெரியவரு, வந்திருக்கிற பெரிய அம்மா கையைப் பிடிச்சு முதல் ஜோடியா போகணும். நம்ம பக்கம் யாரும் எந்திரிக்கலைன்னா நான் அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்? அவங்க ஊரையே விட்டுக்கொடுத்துட்டு வர்றாங்க. நான் இதைக்கூடச் செய்யலைன்னா, வாழ்நாள் பூரா என் வார்த்தைக்கு அந்த வீட்டுல மதிப்பு இருக்குமா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் எப்படியாவது தப்பித்திருப்பேன். உள்ளேயிருந்து உங்கள் அம்மா, "பிடிங்க பிடிங்க, என் கையைத்தான் பிடிச்சதில்லை, வெள்ளைக்காரம்மா கையையாவது பிடிங்க" என்றாள்.

இனி அந்த நடனத்தின் கதை. மாப்பிள்ளை ஒரு மழை நாளில் நம் வீட்டில் உட்கார்ந்து சொன்னார், சின்ன அத்தை தமிழில் சொன்னாள். மீதியை நான் போனில் தேடிப் பார்த்தேன்.

ஆரம்பத்தில் அது குடியானவர்களின் நடை. போலந்து கிராமங்களில் கல்யாணம் என்றால் ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து பாடிக்கொண்டே வரிசையாக நடப்பார்களாம். அதற்கு அவர்கள் பாஷையில் இருந்த பேருக்கே 'நடக்கிறது' என்றுதான் பொருள். குதிப்பது கிடையாது, சுழல்வது கிடையாது. மேளம் மூன்று மூன்றாகத் தட்டும். முதல் தட்டில் முட்டியை லேசாக மடித்து எழும்ப வேண்டும், மற்ற இரண்டும் சும்மா நடை. வயசான உடம்புக்கும் வயிறு நிறைந்த உடம்புக்கும் ஏற்ற ஆட்டம்.

இதை அந்த ஊர் ஜமீன்தார்கள் பார்த்தார்கள். துரைமார் எந்த ஊரிலும் ஒரே ஜாதி, நல்லதாக ஒன்று கூலிக்காரனிடம் இருந்தால் கண் பொறுக்காது. எடுத்துக்கொண்டார்கள். இடுப்பில் வாள், பட்டுக் கச்சை, மீசைக்கு முறுக்கு எல்லாம் சேர்த்து, தங்கள் மாளிகையில் நடந்தார்கள். அங்கிருந்து மற்ற நாட்டு அரண்மனைகளுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு 'பொலொனெய்ஸ்' என்று பேர் வைத்தார்கள். போலந்துக்காரி என்று அர்த்தம் வருமாம். ராஜாவும் ராணியும் விருந்தைத் தொடங்குவதே இந்த நடையில்தான் என்று ஆயிற்று. போலந்துக்காரர்களின் நடை வெளியூர்ப் பேரோடு அவர்களிடமே திரும்பி வந்தது. நாம் கொழுந்து பறித்து அனுப்பினால் அது சீமைப் பேரும் படமும் போட்ட டப்பாவில் பிரிஞ்சாங் டவுன் கடைக்கே வந்து நம்மிடம் விலை பேசுகிறதே, அதே கதைதான்.

பிறகு பக்கத்து ராஜாக்கள் மூன்று பேர் சேர்ந்து அந்த நாட்டையே கேக் வெட்டுவதுபோல வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாடு வரைபடத்திலிருந்தே போய்விட்டது. நடை மட்டும் போகவில்லை. ஊரை விட்டுப் போன ஒரு பியானோக்காரர் வெளிநாட்டில் உட்கார்ந்து அதற்கு மெட்டு மெட்டாக எழுதினாராம். இப்போது அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடைசிப் பெரிய பரீட்சைக்குச் சுமார் நூறு நாள் இருக்கும்போது கோட்டும் சூட்டும் போட்டு இதை நடக்கிறார்கள். நீங்கள் பரீட்சைக்கு முன்னால் என்ன செய்கிறீர்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

கதை கேட்க நன்றாகத்தான் இருந்தது. லயத்தில் சொல்லி ஆள் சேர்க்கப் போனபோதுதான் பெரும்பாடு. நடக்க எல்லோரும் தயார். மலைச்சரிவில் பிறந்ததிலிருந்து நடக்கிறவர்கள். முட்டி மடக்கச் சொல்லித்தரவே வேண்டாம், இறக்கத்தில் அப்படி நடக்காவிட்டால் வாய்க்காலில் கிடப்போம். கையைப் பிடிக்கத்தான் ஒருத்தரும் தயாராயில்லை.

"என் வீட்டுக்காரன் கையை நான் நாலு பேருக்கு முன்னால பிடிக்கிறதா? ஐயே!"

"அவ கையை நான் பிடிச்சா, என்னமோ பண்ணிட்டு சமாதானம் பண்றான்னு நினைப்பாங்க லா."

அப்போது உங்கள் அம்மாதான் வழி சொன்னாள். "மணமேடையைச் சுத்தறப்ப முந்தானையும் வேட்டியும் முடிச்சுப் போடறோம்ல? அதே மாதிரி ஆளுக்கு ஒரு துண்டு. அவரு ஒரு முனை, அவ ஒரு முனை. கையும் பட வேணாம், மானமும் போக வேணாம்."

கூட்டம் சிரித்தது, ஆனால் சரி என்றது. ஆக, துண்டு உங்கள் அம்மாவின் கண்டுபிடிப்பு. கப்பலில் வந்தது என்று யாராவது சொன்னால் அம்மா முகத்தைப் பாருங்கள்.

லயத்துக்குப் பின்னால் இருக்கும் பூப்பந்து மைதானத்தில் சாயங்காலங்களில் பழகினோம். பனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற ஜோடி தெரியாது, துண்டு மட்டும் தெரியும். வங்காளதேசத்துத் தம்பிமார் வேலை முடிந்து வந்து வேலியில் சாய்ந்துகொண்டு தாளத்துக்குக் கை தட்டினார்கள். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். எந்தப் பக்கமாகச் சுற்றினோம் என்று யாரும் யோசிக்கவே இல்லை. கோயிலைச் சுற்றுகிற மாதிரிதான் சுற்றினோம். கால் தானாகவே அப்படித்தான் போகும். சின்ன அத்தைக்கும் அது தோன்றவில்லை. அவள் மாப்பிள்ளையோடு பழகியதெல்லாம் கோலாலம்பூரில் அவர்கள் அடுக்குமாடி வராந்தாவில். வராந்தாவில் நேராகப் போய் நேராகத் திரும்பலாம், சுற்ற முடியாது.

வராத ஒரே ஆள் மாமா தாத்தா. என் அம்மாவின் தம்பி, கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன், அதுவும் ஓய்வுபெற்ற மண்டோர். வேலைக்காரர்களைக் காலையில் பெரட்டில் நிறுத்தி, எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்பியே பழகிய தொண்டை. என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"மாப்ளே, அடுத்தவன் பொண்டாட்டி கையைப் பிடிச்சு ஊர்கோலம் போறியாமே?"

"சம்பந்தியம்மா மாமா. அவங்க வழக்கம்."

"அவங்க வழக்கம் அவங்க ஊர்ல. பொண்ணு கேட்டுச்சுன்னு மண்டபத்துக்கு வரேன். உட்கார்ந்து பார்ப்பேன். எந்திரிக்கச் சொன்னே, தெரியும் சேதி."

அவர் உட்கார்ந்தால் அவர் பேச்சைத் தட்டாத பாதி லயமும் உட்காரும். அதை நான் சொன்னபோது சின்ன அத்தை துண்டுகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே துண்டைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

கல்யாணத்தன்று போலந்துக்காரர்கள் வந்த வேன் மலைப்பாதையில் கியா பார்ம் சந்தைப் பக்கம் மாட்டிக்கொண்டது. பள்ளி விடுமுறை, ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் ரோட்டை அடைத்து நின்றன. கோயிலில் முகூர்த்தம் நெருங்க நெருங்க ஐயர் வேகமாக மந்திரம் சொல்வதா மெதுவாகச் சொல்வதா என்று என்னைக் கேட்டார். ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். மலேசியா என்றால் வெயில் என்று யாரோ சொல்லி, எல்லோரும் மெல்லிய சட்டையில் வந்திருந்தார்கள். மலைக்குளிருக்கு நாங்கள் ஸ்வெட்டரும் தலைக்கு மப்ளருமாக நின்றோம். அவர்கள் எங்களைப் பார்த்து, எங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார்களாம்.

தாலி நல்லபடியாக ஏறியது. பிறகு மண்டபம். சாப்பாட்டுக்கு முன்னால் நடை என்று ஏற்பாடு, ஏனென்றால் சாப்பிட்டுவிட்டால் நம் ஜனங்கள் முட்டி மடக்க மாட்டார்கள். இலை போட்டாயிற்று, சோறு மூடி வைத்தாயிற்று. மாமா தாத்தா ரசம் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கை கட்டி உட்கார்ந்திருந்தார். தலையில் புதுத் துண்டில் தலைப்பாகை.

கோயில் ஒலிபெருக்கியில் மெட்டைப் போட்டார்கள். சம்பந்தியம்மா வந்து என் முன்னால் நின்று கையை நீட்டினார். நான் என் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன். அந்தப் பிடி இருக்கிறதே! மாவு பிசைந்த பிடி. என் விரல்களை ரொட்டிக்கு உருட்டுகிறார் என்று நினைத்தேன்.

எங்களுக்குப் பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும், அதற்குப் பின்னால் போலந்துக்காரர்கள், கடைசியில் நம் துண்டு ஜோடிகள். மண்டப நடுவில் நேராக வந்தோம். முட்டி சரியாக மடங்கியது. வாசல் பக்கம் வந்ததும் சுற்ற வேண்டும். நான் கோயிலைச் சுற்றும் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். அந்த அம்மா சமையல்கட்டுப் பக்கம் திரும்பினார். எங்கள் கை நடுவில் துணி காயப்போட்ட கயிறு மாதிரி விறைத்து நின்றது.

அப்போதுதான் புரிந்தது. அவர்கள் ஊரில் இந்த நடை இடப்பக்கமாகச் சுற்றுகிறது. நம் ஊரில் இடப்பக்கம் எப்போது சுற்றுவோம் என்று உங்களுக்குத் தெரியும். கொள்ளிச்சட்டி தூக்கும்போது.

எனக்கு வேர்த்துவிட்டது. கையை விட்டால் தங்கச்சி கொடுத்த வாக்கு எல்லோர் முன்னாலும் கிழிந்துபோகும். அவர் போகிற பக்கம் போனால் அவள் கல்யாணத்தில் அபசகுனத்தை நானே இழுத்துக்கொண்டு போனதாக ஆகும். திரும்பி அவளைப் பார்த்தேன். தாலியின் மஞ்சள் இன்னும் ஈரமாக இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, எங்கள் இரண்டு கையை மட்டும் பார்த்தாள்.

நான் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினேன். அபசகுனத்தைப் பிறகு ஒரு தேங்காய் உடைத்துச் சரிசெய்யலாம், வாக்கை எதை உடைத்துச் சரிசெய்வது?

நான் இரண்டடி வைப்பதற்குள் ரசத்து மேசைப் பக்கமிருந்து பெரட்டுக் களத்துக் குரல் வந்தது.

"டேய்! இடம் சுத்துறீங்கடா! இது கல்யாண வீடா, எழவு வீடா?"

மாமா தாத்தா எழுந்துவிட்டார். எழுந்து என்னை இழுக்க வருவார் என்று நினைத்தேன். அவர் வரவில்லை. தலைப்பாகையை ஒரே உருவாக உருவி, ஒரு முனையைத் தன் வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்தார்.

"அடியே, எந்திரி. பிடி இதை. கழுதைங்க தப்பாப் போகுது, யாராச்சும் வலம் வந்தாத்தான் கணக்கு நேராகும்."

நம் துண்டு ஜோடிகளைப் பார்த்து, "எல்லாரும் என் பின்னால!" என்றார். அந்தக் குரலுக்கு இன்றைக்கும் லயத்தில் எதிர்ப்பேச்சு கிடையாது. உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்தார்கள், கணவன் மனைவி என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் பக்கத்தில் கிடைத்த துண்டை, மேசைத் துணியை, ஒருவர் மப்ளரைப் பிடித்துக்கொண்டு. உங்கள் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவர் பின்னால் போய்விட்டாள், எதிர் முனையில் அவள் தம்பி.

இப்படியாக நாங்கள் சமையல்கட்டுப் பக்கமாகவும் மாமா தாத்தா வரிசை ஜன்னல் பக்கமாகவும் சுற்றி வந்து, மணமேடைக்கு முன்னால் நேருக்கு நேர் நின்றோம். கம்போங் ராஜா வளைவில் இரண்டு காய்கறி லோரி மூக்குக்கு மூக்கு நிற்குமே, அப்படி. யார் ரிவர்ஸ் எடுப்பது? மாமா தாத்தா பிறந்ததிலிருந்து ரிவர்ஸ் எடுத்தவரில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவும் அந்த ரகம்தான் என்பது என் விரலுக்குத் தெரிந்திருந்தது. மெட்டு போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே தாளத்துக்கு முட்டியை மடக்கி மடக்கி எழும்பினார்கள். சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கத் தைரியமில்லை.

மாமா தாத்தாவின் வீட்டுக்காரம்மாதான் முடித்துவைத்தார்.

"சோறு ஆறுதுய்யா. துண்டைத் தூக்கு."

"என்னாத்துக்குத் தூக்கணும்?"

"தூக்கினா அவங்க கீழால பூந்து போயிடுவாங்க. நீ குனிய வேணாம், அவங்க குனியட்டும். தூக்குங்கிறேன்!"

குனியப்போவது அவர்கள் என்றதும் மாமா தாத்தா தூக்கிவிட்டார். அவ்வளவு உயரமான சம்பந்தியம்மா முட்டியை நன்றாக மடக்கி, சிரித்துக்கொண்டே, அவர் துண்டுக்குக் கீழே நுழைந்தார், என்னையும் இழுத்துக்கொண்டு. எங்களுக்குப் பின்னால் பெண், மாப்பிள்ளை, எல்லோரும். நம் ஆட்கள் வரிசையாகத் துண்டுகளைத் தூக்கிப் பிடித்தார்கள். சிவப்பு, பச்சை, ஒரு மேசைத் துணி. உள்ளே நுழைந்தால் பந்தலுக்குள் போவதுபோல் இருந்தது. மாப்பிள்ளை மட்டும் மேசைத் துணியில் தலையை இடித்துக்கொண்டு அதனிடம் மன்னிப்புக் கேட்டார்.

மறுசுற்றில் வாசல் பக்கம் திரும்பச் சந்தித்தோம். இந்தத் தடவை சம்பந்தியம்மா எங்கள் கைகளைத் தூக்கிவிட்டார். பின்னாலிருந்த போலந்துக்காரர்களும் தூக்கினார்கள். மாமா தாத்தா யோசித்தார். பின்னால் வரிசை நெருக்கியது. அவர் வீட்டுக்காரம்மா துண்டை ஒரு இழுப்பு இழுத்தார். மண்டோர் குனிந்தார், பிள்ளைகளா. நான் பார்த்தேன். நிமிர்ந்து வெளியே வந்தபோது மலாயில், "போலே தாஹான் லா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் வந்ததில்லை.

இலைக்கு முன்னால் உட்கார்ந்தபோது சம்பந்தியம்மா சின்ன அத்தையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்ன என்று கேட்டேன்.

"சொன்னதைச் செஞ்சுட்டேன்னு சொல்றாங்கண்ணே. ஆனா எதிர்ப்பக்கமா ஒரு வரிசை வரும்னு ஏன் முன்னாடியே சொல்லலை, எவ்வளவு அழகுன்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்க தோட்டத்து வழக்கம்னு சொல்லிட்டேன்."

அவள் அப்பளத்தை உடைத்துக்கொண்டே அதைச் சொன்னாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. நான் திருத்தவில்லை.

அதற்குப் பிறகு லயத்தில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்திலும் துண்டு நடை உண்டு. ஒரு வரிசை வலம், ஒரு வரிசை இடம், நடுவில் மாமா தாத்தா மேற்பார்வை. இடம் போகிற வரிசைக்கு அவரே ஆள் பிரித்து அனுப்புகிறார், பெரட்டில் பிரிப்பதுபோல. இளசுகள் சிலர் இப்போது துண்டை விட்டுவிட்டுக் கையையே பிடிக்கிறார்கள். "வழக்கத்தைக் கெடுக்காதீங்கடா" என்று கத்துகிறார்.

இதை எழுத உட்கார்ந்த நேரத்தில் சின்ன அத்தை போலந்திலிருந்து கூப்பிட்டாள். அங்கே கிராமத்தில் ஒரு கல்யாணமாம். அவள் மாமியார் முன்னால் நின்று ஜனங்களை இரண்டு வரிசையாகப் பிரித்து எதிரெதிராக நடக்கவிட்டு, கழுத்துத் துண்டுகளைத் தூக்கச் செய்தாராம். இது என் மருமகள் தோட்டத்து வழக்கம் என்று சொன்னாராம். அதற்கு அங்கே ஒரு பெரியவர் எழுந்து, இது எங்கள் பாட்டன் காலத்திலேயே உண்டு, நீ என்ன புதிதாகச் சொல்கிறாய் என்று சண்டைக்கு வந்துவிட்டாராம்.

மாமா தாத்தாவிடம் சொன்னேன்.

"பாத்தியா மாப்ளே, அங்க வரைக்கும் நம்ம நடை போயிருக்கு."

நான் வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் உங்களுக்கு எழுதி வைக்கிறேன். அடுத்த மாதம் கோயில் பூசாரி மகளுக்குக் கல்யாணம், நானும் உங்கள் அம்மாவும் முதல் ஜோடி. எந்தத் துண்டு என்று கேட்டேன். நீலம் என்றாள். கை இன்னும் கிடைக்கவில்லை.